தண்ணீரை நடக்க வைப்பவர்கள்

மாமா குனிந்து ஒரு தேயிலைச் செடியின் தூரில் கையை நுழைத்தார். மண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வேர்கள் கோழிக்கால் மாதிரி விரிந்து தரையைப் பற்றிக்கொண்டிருக்க, செடி அவற்றின் மேல் எழும்பி நின்றது. தண்டில் ஓரிடத்தில் பட்டையின் நிறம் மாறுகிறது. அந்தக் கோட்டில் சுண்டுவிரலை வைத்துக் கீழே தரைவரைக்கும் அளந்தார்.

"ஒரு சாணு, நாலு விரலு. இத நட்ட அன்னைக்கு மண்ணு இங்கன இருந்துச்சு மருமகனே."

அவருடைய அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது நட்ட விதைத் தேயிலை அது. சரிவு முழுக்க அப்படித்தான் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம். படம் எடுப்பவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். பக்கத்தில் போய்க் குந்தினால் ஒவ்வொரு செடிக்கும் கால் தெரிகிறது. "தேயிலை எந்திரிச்சு நிக்குதுன்னு சொல்லுவோம். அது எந்திரிக்கல, மண்ணு உக்காந்திருச்சு" என்றார் மாமா.

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தோட்டம். பெயரை எழுதவில்லை. மாமா இன்னும் அந்தத் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார்.

நான் இவ்வளவு தூரம் போனது தேயிலை பார்க்க அல்ல. எங்கள் நிலம் வேளாங்கண்ணிக்குத் தெற்கே, பிரதாபராமபுரம் பக்கம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அதற்குள் வந்தது. கதிர் பால் பிடித்திருந்த நேரம். கடல் திரும்பிப் போன பிறகு வயலில் சாம்பல் நிறச் சேறு கிடந்தது. பத்து நாளில் அது காய்ந்து வெடித்து, வெடிப்பின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அப்பா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

அந்த நிலம் மீண்டது. எப்படி மீண்டது என்பதை ஒரு நாளும் விடாமல் பார்த்தவன் நான். அதனால் மண் கெட்டுப்போன ஊர் என்று எங்கே கேள்விப்பட்டாலும் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஊவாவில் மண் உப்பால் கெடவில்லை. அங்கே மண்ணே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சொன்னவர் மாமாவின் தம்பி. 1964இல் இரண்டு அரசுகளும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் அந்தப் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம் என்று ஆனது. தம்பி இங்கே வந்து, திரும்பியவர்களுக்காக நீலகிரியில் தமிழக அரசு போட்ட டான்டீ தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் அம்மாவுக்கு இவர்கள் சித்தப்பா பிள்ளைகள், புதுக்கோட்டை வழி. "அண்ணன் நாப்பது வருசம் கான் வெட்டினவரு. மண்ணப் பத்தி அவர்கிட்ட கேளு" என்று எண்ணைக் கொடுத்தார்.

கான் என்றால் காடு என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத் தமிழில் அது வடிகால் வாய்க்கால்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, மறு ஆண்டு ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் ஏறினேன். எங்கள் ஊர்க் கடற்கரை கண்ணில் இருந்து மறைந்து நாலு மணி நேரத்துக்குள் இன்னொரு தமிழ்க் கரை வந்துவிடுகிறது. யாழ்ப்பாணம், இரவு பஸ், கொழும்பு. அங்கிருந்து பதுளை ரயில்.

அந்த ரயிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடிபட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். நானுஓயா தாண்டி ஏறிக்கொண்டே போய்ப் பட்டிப்பொலையில் வண்டி உச்சியைத் தொடுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,898 மீட்டர். அதுவரை ஜன்னலில் தூறல், மூட்டம், ஈரக் கம்பளி வாசனை. பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் நடுவில் ஒரு சுரங்கம் வருகிறது. உள்ளே நுழையும்போது மழை. வெளியே வரும்போது வெயில்! காய்ந்த புல், நீல வானம், கீழே எங்கோ தெற்குச் சமவெளி புழுதி நிறத்தில் விரிந்து கிடக்கிறது. ஒரு மலையின் முதுகைக் குடைந்து வந்ததில் பருவமே மாறிவிட்டது. எதிரில் இருந்த பாட்டி, "ஊவா வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினார்.

காரணம் பிறகு புரிந்தது. தென்மேற்குப் பருவக் காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கணவாய்கள் வழியாக ஊவாவில் இறங்குகிறது. கச்சான் என்கிறார்கள் அந்தக் காற்றை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அது அடிக்கும்போது கொழுந்து வாடி, தன்னைக் காத்துக்கொள்ள உள்ளுக்குள் வாசனைப் பொருள்களைச் சேர்க்கிறது. தைலம் போன்ற அந்தக் குளிர்ந்த வாசனைக்குத்தான் ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் வாங்கியது. ஊவாவுக்குப் பெருமழை வருவது எங்களுக்கு வரும் அதே மாதங்களில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அதே வடகிழக்குப் பருவம். ஒரே மேகம்தான் எங்கள் வயலிலும் பெய்து இந்த மலையிலும் பெய்கிறது என்று நினைத்தபோது மாமா வீட்டுக்குப் போவது சொந்த ஊருக்குப் போவது மாதிரி ஆகிவிட்டது.

தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தில் கூட்டம் கையசைத்தது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. பிறகு பதுளை. 1924இல் இங்கே வந்து நின்ற தண்டவாளம் அதற்கு மேல் நீளவே இல்லை.

லயம் என்று படித்திருக்கிறேன், சொல்லக் கேட்டிருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு. ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் என்கிற அறைகள், முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் தாழ்வாரம், தகரக் கூரை பறக்காமலிருக்க மேலே கற்கள். அத்தை வாசலில் காத்திருந்தார். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்த கை. விரல் நுனிகளில் கறை ரேகைக்குள் இறங்கி நிரந்தரமாகியிருந்தது. "தேத்தண்ணி குடிங்க தம்பி" என்று பிளேன்டியும் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தார். இரவு தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல். எங்கள் வயல் கதையை அன்றிரவுதான் அவர்களிடம் சொன்னேன்.

கடல் நீர் நிலத்துக்குச் செய்வதை இப்படிச் சொல்லலாம். உப்பில் இருக்கும் சோடியம் மண்துகள்களின் பிடிப்பைக் குலைத்துவிடும். பொலபொலவென்று இருந்த மண் நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். மேலே நிற்கும் தண்ணீர் உள்ளே இறங்காது. இறங்கினாலும் அதன் உப்பு வேரைக் குடிக்க விடாது. ஈரத்தில் நின்றுகொண்டே பயிர் தாகத்தில் சாகும். நாங்கள் முதலில் கடல் சேற்றைச் சுரண்டி அள்ளினோம். வரப்பை உயர்த்திக் கட்டினோம். ஜிப்சம் போட்டோம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைப் பிடித்துத் தள்ளும். தள்ளியதை யாராவது வெளியே கொண்டுபோக வேண்டுமே, அது மழையின் வேலை. 2005 ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. தேக்கி வைத்து, வடித்து, மறுபடி தேக்கி, மறுபடி வடித்தோம். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதோம். அதற்குப் பிறகே நெல். அதுவும் உவர் தாங்கும் எங்கள் பக்கத்துக் குழியடிச்சான்.

மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "வடிஞ்ச தண்ணிக்கு வழி இருந்துச்சா?"

இருந்தது என்றேன். வடிகாலைத் தூர்வாரிய பிறகுதான் உப்பே இறங்கியது என்றேன்.

"அப்ப நாளைக்கு வாங்க. நம்ம வழியக் காட்டுறேன்."

மறுநாள் காலை அவர் முதலில் காட்டியதுதான் அந்தச் சாண் அளவு. ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். அவர் கையை விரித்து மலையைக் காட்டினார். முந்நூறு வருடம் முன்பு இங்கே காடும், பத்தன என்று சிங்களத்தில் சொல்லும் புல்வெளியும் இருந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் கோப்பிக்காக அதை அழித்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தொற்றிச் சில வருடங்களில் தோட்டங்களையே தின்றுவிட்டது. அதே சரிவில் தேயிலை வந்தது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பழக்கம் இருந்தது: தரையில் ஒரு புல்லும் இருக்கக் கூடாது. சொரண்டியால் களையை மண்ணோடு சேர்த்துச் செதுக்கி எடுப்பது. துடைத்து வைத்த தரைதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம், நல்ல துரைக்கும் அடையாளம். கூரை செங்குத்தாக இருக்கிற ஒரு வீட்டில் ஓடுகளைப் பிரித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது போன்றது அது. இலங்கையில் மண் காப்புக்கென்று சட்டம் வந்தது 1951இல். அதற்குள் சரிவுகள் மூன்று நான்கு தலைமுறை மழையைப் பார்த்துவிட்டன.

"சொரண்டிய வச்சுச் சொரண்டினது நாங்கதான்" என்றார் அத்தை. "சொல்றவன் சொல்லிட்டுப் போய்ட்டான். மண்ணு எங்க கையாலதான் போச்சு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அரைகுறைக் கூலிக்குச் செய்த வேலைக்கும் தன்னையே பொறுப்பாக்கிக்கொள்கிற அந்த மனசை என்ன சொல்வது!

அடுத்த மலைக்கு ஏறினோம். தோட்டத்தில் வயல் என்ற சொல் கிடையாது. ஒவ்வொரு துண்டும் ஒரு மலை, எண் போட்ட மலை. இந்த மலையில் தேயிலையே இல்லை. ஆள் உயரத்துக்குப் புல். கரும்புத் தோகை மாதிரி அகன்ற இலை, வரிசை வரிசையாகச் சரிவுக்குக் குறுக்கே. கைவிடப்பட்ட காடு என்றே நினைத்தேன்.

"இது குவாத்தமாலா. அந்தா, மெலிசா நிக்கிறது மானா."

பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடி நட வேண்டுமென்றால் உடனே நட்டுவிட முடியாது. நூறு வருடம் ஒரே பயிரைத் தாங்கிய மண் களைத்திருக்கிறது. முதலில் பழைய செடியை வேரோடு பெயர்க்க வேண்டும். பென்சில் தடிமனுக்கு மேல் ஒரு வேர்த்துண்டும் உள்ளே தங்கக் கூடாது. தங்கினால் வேர் நோய்ப் பூஞ்சை அதிலேயே குடியிருந்து புதுச் செடிக்குத் தாவும். பிறகு கான் வெட்டி, இந்தப் புல்லை நட்டு, பதினெட்டு மாதத்திலிருந்து இரண்டு வருடம்வரை விட்டுவிட வேண்டும். சும்மா விடுவதில்லை. புல் வளர வளர அறுத்து, அறுத்ததை அங்கேயே பரப்புவார்கள். மறுபடி வளரும், மறுபடி அறுப்பு. தேயிலை வேரைத் தின்கிற நூற்புழுவுக்கு இந்தப் புல்லில் இரை கிடைக்காது, பட்டினியில் குறையும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது, அதன் கிளை ஒன்று பசறையிலேயே இருக்கிறது. புல்லை நட்டு மண்ணைத் தேற்று, பிறகு தேயிலை நடு என்பது அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது.

மாமா ஓரிடத்தில் காய்ந்த புல்லை விலக்கி, "கைய வைங்க" என்றார்.

வைத்தேன். வெளியே வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஈரம், குளிர். மேலே இருந்த புல் இன்னும் புல்லாக இருந்தது. அதற்கு அடியில் இருந்தது கருத்து நைந்து புல்லா மண்ணா என்று சொல்ல முடியாத பதம். அதற்கும் கீழே, வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடிய மண். ஒரு பிடி அள்ளி அழுத்தினேன். உருண்டையாகி, விரலைத் தளர்த்தியதும் உதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு மண்புழு நெளிந்து என் கட்டைவிரலைச் சுற்றியது. நாற்பது அடி தள்ளி, அந்த எழும்பி நின்ற தேயிலைக்கு அடியில் இருந்த மண்ணையும் அப்படி அள்ளிப் பார்த்திருந்தேன். சரளையும் செம்மண் தூளும், பிடிக்கு நிற்கவில்லை. இரண்டும் ஒரே சரிவு, ஒரே மழை. நடுவில் பதினாலு மாதப் புல் மட்டும்தான்.

எங்கள் தக்கைப்பூண்டு ஞாபகம் வந்தது. அங்கே பூண்டு, இங்கே புல். மற்றபடி மருந்துகள் வேறு வேறு. கடல் ஏறிய எங்கள் மண் காரத்தின் பக்கம் சாயும். தேயிலைக்கோ புளித்த மண்தான் வேண்டும், கார அமில அளவில் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில். அதற்கும் கீழே இறங்கிவிட்டால் கவ்வாத்து வெட்டிய பிறகு டொலமைட் போடுகிறார்கள்.

ஆனால் புல்லுக்கு இரண்டு வருடம் கொடுப்பது லேசல்ல. அந்த இரண்டு வருடமும் அந்த மலையில் கொழுந்து இல்லை. நட்ட கன்று பறிப்புக்கு வர இன்னும் மூன்று வருடம் ஆகும். 1992 முதல் தோட்டங்கள் குத்தகைக் கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. ஐந்து வருடம் வரும்படி இல்லாத மலையைக் கணக்கில் காட்டக் கம்பெனிகள் தயங்குகின்றன. அதனால் சாண் அளவு எழும்பிய செடிகளிலிருந்தே இன்னும் கொழுந்து பறிபடுகிறது. மலையைப் புல்லுக்கு விட்டால் கொழுந்துக்காரர்களுக்கும் பேர் குறையும். ஒரு நாள் வேலையை இங்கே ஒரு பேர் என்கிறார்கள். நாங்கள் ஒரு போகத்தை விட்டுக் காத்திருந்தோம் என்றால் நிலம் எங்களுடையது, நிவாரணம் வந்தது, அப்பா முடிவெடுத்தார். மாமா நாற்பது வருடம் காத்த மண்ணில் ஒரு கூடை அவருக்குச் சொந்தமில்லை. லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு கட்டிக்கொள்ள ஏழு பேர்ச் காணி என்று ஒரு திட்டம் வந்து சில தோட்டங்களில் வீடுகளும் எழுந்திருக்கின்றன. ஏழு பேர்ச் என்பது நம் கணக்கில் நாலரை சென்ட்டுக்கும் குறைவு. அதுவும் மாமாவுக்கு இன்னும் வரவில்லை. மண்ணை இவ்வளவு அறிந்த ஒருவர் கையில் மண் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே அதைச் சொன்னால் அவர் மனம் கஷ்டப்படும் என்று வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

2021இல் அரசு ஒரே உத்தரவில் ரசாயன உரத்தை நிறுத்தியதையும் அத்தைதான் சொன்னார். அந்த வருட நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் கொழுந்து மஞ்சளடித்துச் சிறுத்துவிட்டதாம். இயற்கை உரம் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மண் அதற்குத் தயாராக இரண்டு மூன்று வருடமாவது வேண்டும். புல்லைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

கான் பார்க்க மூன்றாம் நாள் போனோம். மலையைச் சுற்றி, கிட்டத்தட்டச் சம மட்டத்தில், மிக மெல்லிய சாய்வோடு ஓடுகிற வாய்க்கால்கள். நேராகக் கீழே இறங்குகிற பெரிய கானில் அவை போய்ச் சேரும். பெரிய கானில் படிபடியாகக் கல் பதித்திருக்கிறது. சின்னக் கானுக்குள் சில அடிக்கு ஒரு மண் தடுப்பு. மழைத் தண்ணீர் அந்தக் குழியில் வந்து நிற்கும், கொண்டுவந்த மண்ணைக் கீழே போடும், நிறைந்ததும் தடுப்பைத் தாண்டி அடுத்த குழிக்குப் போகும். குழி நிறைந்த மண்ணை அள்ளி மேல் பக்கத்துச் செடிகளுக்கே போட்டுவிட வேண்டும். வருடா வருடம் செய்யவேண்டிய வேலை. நாற்பது வருடமும் மாமா செய்தது இதுதான்: மழை கீழே கொண்டுபோனதைத் திரும்ப மேலே கொண்டுவந்தார்.

மட்டம் பார்க்கக் கருவி உண்டா என்றேன். மூங்கிலில் ஏ எழுத்து மாதிரி ஒரு சட்டம், நடுவில் நூலில் கட்டிய கல். அதை வைத்து நடந்துகொண்டே போவாராம். கொஞ்ச வருடம் கழித்துச் சட்டம் தேவைப்படவில்லை. காலே சொல்லிவிடும்.

"தண்ணிய ஓட விட்டா மண்ண இழுத்துட்டுப் போயிரும். உக்கார விட்டா மலை உள்ளுக்க ஊறிப் பெரண்டுரும். ஓடவும் விடக் கூடாது, உக்காரவும் விடக் கூடாது. நடக்க வைக்கணும்."

மலை புரள்வது என்பது அங்கே வெறும் பேச்சு அல்ல. கொஸ்லந்தைப் பக்கம் மீரியாபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், பல நாள் மழையில் ஊறிய மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் சரியக்கூடும் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. போக மாற்று இடம் இல்லாத மக்கள் அங்கேயே இருந்தார்கள். நான் பண்டாரவளை வழியாக ஒரு நாள் அங்கே போனேன். சரிந்த தழும்பின் மேல் பச்சை படர்ந்திருக்கிறது. பெயர் தெரியாத புதர்களும் புல்லும் தாமாகவே ஏறி மூடிக்கொண்டிருந்தன. உடன் வந்த ஆட்டோக்காரத் தம்பி எதுவும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நானும் கழற்றினேன். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் ஊர்க் கடற்கரையில் நாங்கள் அப்படித்தான் நின்றோம்.

திரும்பும்போது பதுளையில் பாலத்தில் நின்று பதுளு ஓயாவைப் பார்த்தேன். இந்த ஆறுதான் கொஞ்ச தூரத்தில் துன்ஹிந்தையில் 64 மீட்டர் உயரத்திலிருந்து புகையாக விழுகிறது. விழுந்து, ஓடி, மகாவலியில் கலக்கிறது. ஊவாவின் இன்னொரு ஆறான உமா ஓயா ரன்தம்பே நீர்த்தேக்கத்தில் வந்து சேர்கிறது. அது கொண்டுவந்து கொட்டும் மண்ணால் அந்தத் தேக்கம் தூர்ந்து வருகிறது. மகாவலி தீவின் மிக நீண்ட ஆறு, 335 கிலோமீட்டர். அது கடலைத் தொடுவது திருகோணமலைக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில். மூதூருக்குள்ளும் 2004இல் கடல் ஏறியது. மாமாவின் மலையிலிருந்து கழன்ற அந்த ஒரு சாண் மண், அணைகளில் தங்கியதுபோக மிச்சம், போய்ச் சேரும் இடம் வங்கக் கடல். எங்கள் வயலுக்குள் சாம்பல் சேற்றைக் கொண்டுவந்து போட்டதும் அதே கடல். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியமே நமுனுகுலை மலை கருத்தது. மூன்று மணிக்கு முதல் இடி. "வந்துருச்சு" என்று மாமா எழுந்தார். எழுபத்தொரு வயது, சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டினார். அத்தை திட்டினார். திட்டிக்கொண்டே இரண்டு காலி பிளாஸ்டிக் போத்தல்களைக் கொடுத்தார். நான் முதல் நாள் கேட்டு வைத்திருந்தேன்.

மழை சாய்ந்து அடித்தது. எழும்பிய தேயிலை மலையில் நிமிடத்துக்குள் தரை நிறம் மாறியது. செடிகளுக்கு நடுவில் சிவப்பு நூல்கள் ஓடின, நூல்கள் சேர்ந்து கயிறாகின, கயிறுகள் கானில் விழும்போது சத்தம் கேட்டது. முதல் போத்தலை அங்கே பிடித்தேன். தண்ணீர் பிளேன்டி நிறத்தைத் தாண்டி, செங்கல்லைக் கரைத்தது மாதிரி இருந்தது. கை நரநரத்தது.

புல் மலைக்கு ஏறினோம். அங்கே மழையின் சத்தமே வேறு. இலையில் பட்டு, வழிந்து, பரப்பிய புல்லில் சொட்டி அடங்குகிற சத்தம். கானில் தண்ணீர் வரவே இல்லை. காத்திருந்தோம். கால் மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் முதல் குழியில் நீர் ஊறியது. நிறைந்து, தடுப்பைத் தொட்டு, ஒரு விரல் அகலத்துக்கு வழிந்து அடுத்த குழிக்கு இறங்கியது. அவசரமே இல்லை. மாமா சாக்குக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் மழை ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா," என்றார், "நடக்குது."

இரண்டாவது போத்தலை அங்கே நிறைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அதற்குள் அக்கரை மலை தெரிந்தது.

இரவு இரண்டையும் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஒன்றின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது. மற்றதில் நகக்கண் அளவு. நான் படம் எடுத்து முடிக்கும்வரை அத்தை பொறுமையாக நின்றார். பிறகு சேறு படிந்த போத்தலை எடுத்து, மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றினார். லயத்துக்குப் பின்னால் பாய் அகலத்துக்கு அவருடைய மரக்கறித் தோட்டம்: நாலு கோவா, ஒரு பந்தலில் போஞ்சி, ஓரத்தில் கறிவேப்பிலைக் கன்று. போத்தலைத் தட்டித் தட்டி அடிச்சேறு முழுவதையும் அந்தக் கன்றின் தூரில் கவிழ்த்தார். ஒட்டியிருந்ததற்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் ஊற்றினார்.